பி.எட். முடித்த எனக்கு மூன்று விநாடி காத்திருக்கத் தெரியவில்லை

ஆசிரியையாக முதல் பருவம் ஒருவழியாக முடிந்தது. பி.எட். படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

படிப்பு, தேர்வு, நேர்காணல் எல்லாம் நல்லபடியாகவே போயின. தடுமாறியது மூன்றாம் நாள், ஆறாம் வகுப்பில், பின்னக் கூட்டலில். 1/3 + 1/4 எவ்வளவு என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பி.எட்.டில் சிறு பாடம் நடத்திப் பழகும் நுண்ணிலைக் கற்பித்தலில் இப்படி ஓர் அமைதியை நான் பார்த்ததே இல்லை. அங்கே மாணவர்களாக உட்கார்ந்திருந்தது என்னுடன் படித்தவர்கள்தானே, கேள்வி முடிவதற்குள் விடை வந்துவிடும். பதறிப்போய் நானே முழுக் கணக்கையும் போட்டுக் காட்டினேன். மறுநாள் வீட்டுப்பாடம் திருத்தினால், 1/2 + 1/3க்குப் பாதிப் பேர் 2/5 என்று எழுதியிருந்தார்கள்.

காத்திருப்பு நேரம் பற்றி நான் படிக்காமல் இல்லை. ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள், அதை மூன்று விநாடி ஆக்கினாலே பிள்ளைகளின் பதில்கள் நீள்கின்றன என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் காட்டியதைத் தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஒரு தடவைகூட அதைச் செய்து பார்க்க வைக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம். கற்பித்தல் பயிற்சியின்போது மேற்பார்வைக்கு வந்தவர் பாடக்குறிப்பேட்டில் நோக்கங்கள் வரிசையாக இருக்கின்றனவா, படம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். என் வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

கைகொடுத்தது மூத்த கணித ஆசிரியை ஒருவர். அவருடைய வகுப்பில் பின்னால் உட்கார அனுமதி கேட்டேன். அங்கேயும் ஒரு பையன் அதே 2/5 எழுதினான். தப்பு என்று அவர் சொல்லவில்லை. "எப்படி வந்தது?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா நின்றார்.

"மேலே ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு. கீழே ரெண்டும் மூணும் அஞ்சு, டீச்சர்."

"சரி. அரை பெரிசா, 2/5 பெரிசா?"

ஒரே நீளத்தில் இரண்டு காகிதப் பட்டைகளைக் கொடுத்தார். ஒன்றில் பாதி, இன்னொன்றில் ஐந்தில் இரண்டு வண்ணமடித்திருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவன் தலை நிமிர்ந்தான். "கூட்டினா குறையுமா, டீச்சர்?"

நான் பாடம் நடத்தக் கற்றுக்கொண்டது அந்த நிமிடத்தில்தான்.

பயிற்சிக்குப் போகிறவர்கள் மேற்பார்வையாளர் கையெழுத்துப் போடும் முன்பே "எந்த இடத்தில் சறுக்கினேன்?" என்று கேட்டுவிடுங்கள். கேட்காமல் யாரும் சொல்வதில்லை. அப்புறம், போன ஆண்டுப் பிள்ளைகளின் விடைத்தாள்கள் கிடைத்தால் புரட்டுங்கள். எந்த இடத்தில் தவறுவார்கள் என்பது எந்தக் கையேட்டையும்விட அவற்றில்தான் தெளிவாகத் தெரிகிறது. பள்ளியில் அனுமதி வாங்கி உங்கள் வகுப்பைக் கைபேசியில் ஒலிப்பதிவு செய்து கேளுங்கள். என் முதல் பதிவில் கேள்விக்கும் நானே சொன்ன விடைக்கும் நடுவில் ஒரு விநாடிகூட இல்லை. இப்போது மூன்று வருகிறது. வகுப்பு இரைச்சலாக இருக்கும் நாட்களில் மட்டும் பழைய அவசரம் திரும்ப வந்துவிடுகிறது.