ஐஸ் குவியலிலிருந்து எழும்பிய வெளிச்சம்

ஒளிப்பதிவு படிக்க ஆசைப்படும் கடலூர்ப் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த கேமரா வாங்கலாம் அக்கா?" இருக்கிற போனே இப்போதைக்குப் போதும் என்பேன். திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் சேர்வதற்கான நேர்காணலுக்கு நான் இரண்டு முறை போனவள். முதல் முறை கையில் நல்ல கேமரா இருந்தும் தேறவில்லை.

அன்று கொண்டுபோனவை தேவனாம்பட்டினத்துச் சூரிய உதயம், பாண்டிச்சேரியின் மஞ்சள் சுவர்கள். ஒரு படத்தைக் காட்டி, "இந்த அம்மாவின் இடது கன்னம் ஏன் இருட்டாக இருக்கிறது?" என்றார்கள். வெயில் அப்படி அடித்தது என்றேன். "சரி, நீங்கள் ஏன் அந்தப் பக்கம் நின்றீர்கள்?" பதில் வரவில்லை.

அடுத்த ஒரு வருடம் ஒரே இடத்துக்குத்தான் போனேன், கடலூர் முதுநகர் துறைமுகம். விடியுமுன் டீக்கடைக் குண்டு பல்பு முகத்தின் ஒரு பக்கத்தை மஞ்சளாக்கும், மறுபக்கம் வானத்தின் நீலம். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள், எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். குண்டு பல்பு 3000 கெல்வினுக்கும் கீழே, பகல் வெளிச்சம் சுமார் 5600, விடியற்கால வானம் அதற்கும் மேலே. புத்தகத்தில் மனப்பாடம் செய்த அந்த எண்கள் அங்கேதான் கண்ணுக்குப் புரிந்தன. டியூப்லைட் வீடியோவில் துடித்தால் ஷட்டர் வேகத்தை 1/50 வினாடியில் வைக்க வேண்டும், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால். மீன் விற்கும் ஆயாவின் தாடைக்குக் கீழே நிழலே விழாததைப் பார்த்து வெகுநேரம் யோசித்தேன். எதிரே குவித்திருந்த ஐஸில் பட்டு வெளிச்சம் மேலே எழும்பியிருக்கிறது! படப்பிடிப்பில் வெள்ளை தெர்மாகோல் செய்யும் வேலை அதுதான்.

இரண்டாம் முறை அந்தத் துறைமுகத்துப் படங்கள் பன்னிரண்டை மட்டும் எடுத்துப் போனேன். ஒவ்வொன்றின் பின்னாலும் மணி, வெளிச்சம் வந்த திசை, நான் நின்ற இடம் எல்லாம் எழுதியிருந்தேன். ஆயா படத்திலேயே பேச்சு அரை மணி நேரம் ஓடியது. இடம் கிடைத்தது.

புனே, கொல்கத்தா திரைப்பட நிறுவனங்களில் ஒளிப்பதிவு மூன்று வருடப் படிப்பு, ஏதாவது ஒரு பட்டம் வேண்டும். பிளஸ் டூ முடித்தவர்கள் சென்னை தரமணியில் உள்ள அரசு திரைப்பட நிறுவனத்தின் அறிவிப்பைப் பாருங்கள். இடம் கிடைக்காவிட்டாலும் வழி இருக்கிறது. ஒளிப்பதிவாளர் கே.வி. ஆனந்த் பத்திரிகைப் புகைப்படக்காரராக இருந்து, ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராமிடம் உதவியாளராகச் சேர்ந்து வந்தவர்.

முதுநகர் போகிறவர்கள் ஐந்து மணிக்குள் டீக்கடை வாசலில் இருங்கள். சூரியன் ஏறிவிட்டால் அந்த நீலம் போய்விடும். அப்புறம், படம் எடுக்குமுன் ஆயாக்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.