பிலடெல்பியாவில் ஒன்பதாம் வகுப்புக்கு இடம் தேடியபோது

அமெரிக்காவின் பிலடெல்பியா மாவட்ட அரசுப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு இடத்துக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே விண்ணப்பிக்கத் தொடங்கிவிட வேண்டும். ஐந்து பள்ளிகள் வரை கேட்கலாம். எதிலும் கிடைக்காவிட்டால், வீடு இருக்கும் பகுதிக்குரிய பள்ளி உண்டு. மதிப்பெண்ணும் வருகையும் பார்க்கும் பள்ளிகளில் முன்பு தலைமையாசிரியர்களே மாணவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 2021இல் கணினிக் குலுக்கல் வந்தது. தகுதிக்கு எடுத்துக்கொள்வது ஏழாம் வகுப்பு மதிப்பெண்ணையும் வருகையையும். ஆகவே பிள்ளை ஆறாம் வகுப்பை முடிக்கும்போதே கவனம் வையுங்கள்.

எல்லோரும் முதலில் தேர்ச்சி சதவீதத்தைத்தான் பார்க்கிறார்கள். அது பெரும்பாலும் அங்கே படிக்கும் குடும்பங்களின் வருமானத்தைத்தான் காட்டுகிறது. மாநிலம் ஒவ்வொரு பள்ளிக்கும் வளர்ச்சி அளவையும் வெளியிடுகிறது: மாணவர்கள் தாங்கள் இருந்த நிலையிலிருந்து ஓராண்டில் எவ்வளவு முன்னேறினார்கள் என்ற கணக்கு. எங்கள் பகுதிப் பள்ளியின் தேர்ச்சி மிகக் குறைவு. ஆங்கிலத்தில் வளர்ச்சியோ எதிர்பார்ப்புக்கு மேல்.

அந்தப் பள்ளிக்கு நேரில் போய்ப் பார்த்தேன். ஓர் ஆங்கில வகுப்பின் சுவர் நிறையப் பிள்ளைகளின் கட்டுரைகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஆசிரியை பச்சை மையில் அரைப்பக்கம் எழுதியிருந்தார். எதிர் அறையில் கணிதத்துக்கு நிரந்தர ஆசிரியரே இல்லை. தற்காலிகமாக வந்தவர் பயிற்சித் தாள்களை விநியோகித்துக்கொண்டிருந்தார். ஏசி இல்லாத கட்டடம் என்பதால் வெயில் கடுமையான நாள்களில் பிள்ளைகளைச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்களாம்.

பிலடெல்பியா இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்தில் பள்ளிச் செலவில் பெரும்பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது. சொத்து மதிப்பு குறைந்த ஊர்ப் பிள்ளைக்குக் கிடைப்பதும் குறைவு. 2014இல் தொடுத்த வழக்கில், இந்த நிதிமுறை மாநில அரசியலமைப்புக்கு முரணானது என்று 2023 பிப்ரவரியில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தும் அந்தக் கணித வகுப்புக்கு ஆசிரியர் வரவில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

மகளுக்கு நாங்கள் மிகவும் விரும்பிய பள்ளியில் காத்திருப்புப் பட்டியல். இன்னொன்றில் இடம் கிடைத்தது. கெடு தேதிக்குள் சம்மதம் தெரிவித்துவிட்டோம். தவறவிட்டிருந்தால் இடம் அடுத்தவருக்குப் போயிருக்கும்.

அவளோடு ஒரே வகுப்பில் படித்த பக்கத்து வீட்டுப் பையனும் தகுதி பெற்றிருந்தான். குலுக்கலில் பெயர் வரவில்லை; இனி அவனுக்கு எங்கள் பகுதிப் பள்ளிதான். “அடுத்து என்ன அக்கா செய்வது?” என்று அவன் அம்மா கேட்டாள். குலுக்கலை எத்தனை முறை திருத்தினாலும் நல்ல வகுப்பறை ஒன்றுகூட அதிகமாகிவிடாது. அந்தக் கணித ஆசிரியர் பணியிடத்தைப் பற்றிக் கேட்க, அடுத்த பள்ளி வாரியக் கூட்டத்தில் பேச நாங்கள் இருவரும் பெயர் கொடுத்திருக்கிறோம்.