டர்பனில் குற்றக் கதைக்காரர்கள்

சனிக்கிழமை தென்னாப்பிரிக்காவின் டர்பனில் துப்பறியும் கதை எழுதுகிறவர்களின் மாநாட்டுக்குப் போயிருந்தேன். பதிப்பு, விற்பனை பற்றியும் பேசினார்கள். சரி, அதுவும் வேண்டியதுதான். ஆனால் ஓய்வுபெற்ற துப்பறியும் அதிகாரி ஒருவர், டாக்கெட் எனப்படும் போலீஸ் வழக்குக் கோப்பின் மாதிரி ஒன்றைப் பிரித்துக் காட்டினாரே, அதற்காகவே போகலாம்! ஏ பகுதியில் வாக்குமூலங்கள், பி-யில் கடிதங்கள், சி-யில் விசாரணை நாட்குறிப்பு. "கதை சி-யில்தான் இருக்கு" என்றார். யாரைத் தேடிப் போனார்கள், யார் வீட்டில் இல்லை, மேலதிகாரி என்ன உத்தரவு போட்டார், எல்லாம் அதில் வரும். கையெழுத்து மாறிய வரியில் விரலை வைத்து, "இங்கே வழக்கு வேற ஆள் கைக்குப் போயிடுச்சு" என்றார். அரங்கமே எட்டிப் பார்த்தது.

அப்புறம் துப்பறியும் நாவலாசிரியர் ஜேம்ஸ் மெக்லூர் பற்றிப் பேச்சு. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் வளர்ந்தவர். நிறவெறிச் சட்டங்கள் கோலோச்சிய காலத்தில், தன் கதைகளில் வெள்ளைக்கார கிராமரையும் ஜூலு இனத்து சோண்டியையும் ஜோடியாகத் துப்பறிய விட்டவர். முதல் நாவலுக்கே 1971-இல் குற்றக் கதைகளுக்கான பிரிட்டனின் தங்கக் குத்துவாள் விருது. என்ன துணிச்சல்!

1860-இலிருந்து தமிழர்களாகிய நாம் இந்த மண்ணில் இருக்கிறோம். டர்பன் பக்கத்து சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், வெருலம் தெருக்களில் நடக்கிற துப்பறியும் கதையைத் தமிழில் யாராவது எழுதுகிறீர்களா? சொல்லுங்கள், கைப்பிரதியிலேயே படிக்கத் தயார்.