ஒரகடம் வேலை கைநழுவியது இப்படித்தான்

சம்பளம் ஒத்துவராததால் ஆள் வரவில்லை என்றுதான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரகடத்தில் இருக்கிற அந்த கம்பெனி ஃபைலில் எழுதியிருப்பார்கள். அது உண்மையில்லை. நான் ஆசைப்பட்ட வேலை அது. ஓசூரில் ஒரு கம்பெனியின் குவாலிட்டி பிரிவில் (தரக் கட்டுப்பாடு) பல வருஷம் ஓடிவிட்டது. அப்பா அம்மா காஞ்சிபுரத்தில் தனியாக இருக்கிறார்கள். ஒரகடம் என்றால் வீட்டிலிருந்தே கம்பெனி பஸ்ஸில் போய்வரலாம். தேடி வந்த ஆளை அவர்கள் எங்கெங்கே விட்டார்கள் என்று வேலை தேடுகிறவர்களும் தெரிந்துகொள்ளட்டும், ஆள் எடுக்கிறவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

நௌக்ரி வெப்சைட்டில் பார்த்து, கம்பெனிகளுக்கு ஆள் தேடித் தருகிற கன்சல்டன்சிக்காரர் கூப்பிட்டது, ரெஸ்யூமே அனுப்பியது, போனில் பேசியது எல்லாம் சுருக்க முடிந்தது. நேரில் வரச் சொன்னார்கள். ஷிப்ட் முடித்த கையோடு ஓசூரில் பஸ் ஏறி, விடியற்காலை ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். கேட்டில் போன் கேமராமேல் ஸ்டிக்கர் ஒட்டி, விசிட்டர் பாஸ் கொடுத்து, செக்யூரிட்டி ரூமில் உட்கார வைத்தார்கள். கூடவே ஒரு அப்ளிகேஷன் ஃபாரம். ரெஸ்யூமேயில் இருக்கிற அத்தனையும் மறுபடி கையால் எழுத வேண்டும். பத்தாவது மார்க் எவ்வளவு, அப்பா என்ன வேலை பார்த்தார், தங்கைக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்பது வரை கேட்டிருந்தார்கள். மத்தியானம் வரை காக்க வைத்துவிட்டு எச்.ஆர். வந்து, "பிளான்ட் ஹெட் சார் கஸ்டமர் ஆடிட்ல இருக்காரு, இன்னொரு நாள் வர முடியுமா சார்?" என்றார். கஸ்டமர் ஆடிட் (பொருள் வாங்குகிற கம்பெனி வந்து சோதிப்பது) தேதி முன்கூட்டியே முடிவாகிவிடும், குவாலிட்டியில் இருக்கிற யாருக்கும் இது தெரியும். முந்தின நாள் ஒரு போன் போட்டிருந்தால் என் லீவு மிச்சமாகியிருக்கும்.

அடுத்த தடவை போனதைப் பற்றி மட்டும் எனக்கு மனக்குறை இல்லை. பிளான்ட் ஹெட் மேஜைமேல் ஒரு அலுமினிய டை காஸ்டிங் ஹவுசிங்கை (டை என்கிற அச்சில் உருக்கி வார்த்த கூடு) வைத்து, "என்ன தெரியுது?" என்றார். மெஷினில் சீவின பரப்பில் பொடிப் பொடியாக ஓட்டைகள். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தேன். ஓட்டை உருண்டையாக, உள்ளே வழவழப்பாக இருந்தால் காற்று சிக்கியிருக்கிறது. கிழிந்தாற்போல் முரடாக இருந்தால் உலோகம் உறையும்போது சுருங்கியிருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. இது காற்று, டையில் வென்ட் (காற்று வெளியேறுகிற வழி) அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள் என்றேன். பேச்சு அங்கிருந்து எஃப்.எம்.இ.ஏ. (எங்கே என்ன தப்பு வரலாம் என்று முன்கூட்டியே அலசுவது), பி.பி.ஏ.பி. (பாகத்துக்குக் கஸ்டமரிடம் ஒப்புதல் வாங்குவது) என்று ஓடியது. டீ வாங்கிக் கொடுத்து, லைனைச் சுற்றிக் காட்டி, "இந்த மாதிரி ஆள்தான் வேணும்" என்று எச்.ஆரிடம் என் எதிரிலேயே சொன்னார்.

அதற்கப்புறம் ஒரு தகவலும் இல்லை. மெயிலுக்குப் பதில் வராது, போனை எடுக்க மாட்டார்கள். கன்சல்டன்சிக்காரரைக் குடைந்ததில் விஷயம் வெளியே வந்தது. அந்த போஸ்டுக்கு ஹெட் ஆபீஸ் அப்ரூவலே வரவில்லையாம். அப்ரூவல் கைக்கு வராமலே இன்டர்வியூ நடத்தியிருக்கிறார்கள். ஆள் கேட்பவர் ஒருவர், கையெழுத்துப் போடுபவர் இன்னொருவர். நடுவில் மாட்டிய எச்.ஆருக்குச் சொல்லப் பதில் இல்லை, அதனால் போனை எடுப்பதில்லை. "அப்ரூவல் வரல சார், மாசக் கடைசி ஆகும்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் நிச்சயம் காத்திருப்பேன்.

அப்ரூவல் வந்ததும் ஒரே அவசரம். மூன்று மாத பே ஸ்லிப், வருமான வரிப் பிடித்தத்துக்கான ஃபாரம் 16, ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், எல்லாம் இன்றைக்கே வேண்டும் என்றார்கள். (ஸ்டேட்மென்ட்டில் சம்பளம் ஏறின வரிகளைத் தவிர மற்றதை மறைத்து அனுப்புங்கள். உங்கள் வீட்டுச் செலவை அவர்கள் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.) அடுத்து, "முப்பது நாள்ல வர முடியுமா?" வேலையை விட ஓசூர் கம்பெனிக்கு நான் கொடுக்க வேண்டிய நோட்டீஸ் 90 நாள். முதல் போனிலேயே சொன்னேன், ஃபாரத்திலும் எழுதினேன். மாதக்கணக்கில் முடிவெடுக்காமல் உட்கார்ந்திருந்தது அவர்கள், அந்த நாட்களை நான் ஈடுகட்ட வேண்டுமாம்.

இதைவிடக் கோபம் வந்தது அடுத்த பேச்சில்தான். "முதல்ல ரிசைன் பண்ணி அக்செப்டன்ஸ் மெயிலை அனுப்புங்க, அப்புறம் ஆஃபர் ரிலீஸ் பண்றோம்." முடியாது என்றேன். யார் கேட்டாலும் நீங்களும் முடியாது என்றே சொல்லுங்கள். ஆஃபர் லெட்டர் கையில் இல்லாமல் இருக்கிற வேலையை விட்டால், நடுவில் அப்ரூவல் மாறினால் நம் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது?

சி.டி.சி. (நமக்காக கம்பெனி செய்கிற மொத்தச் செலவு) விஷயத்திலும் உஷாராக இருங்கள். வாயால் சொன்ன தொகைக்குள் கம்பெனி கட்டுகிற பி.எஃப். பங்கு, பேசிக்கில் 4.81 சதவீதம் கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ் பிரீமியம், கூடிக் குறைகிற வேரியபிள் எல்லாம் அடக்கம் என்று பிற்பாடுதான் தெரிந்தது. கிராஜுவிட்டி பொதுவாக ஐந்து வருஷம் இருந்தால்தான் கைக்கு வரும். பேசிக் எவ்வளவு, மாதம் கைக்கு எவ்வளவு, இந்த இரண்டையும் மெயிலில் வாங்கிவிடுங்கள். அந்தத் தொகைக்கும் நான் சம்மதித்திருப்பேன். முதலிலேயே பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கிடையில் இருங்காட்டுக்கோட்டையில் இதைவிடச் சின்ன கம்பெனி ஒன்று கூப்பிட்டது. குவாலிட்டி ஹெட்டும் எச்.ஆரும் சேர்ந்தே உட்கார்ந்தார்கள். எந்தத் தேதியில் பதில் வரும் என்று கிளம்பும்போதே சொன்னார்கள், அதே தேதியில் ஆஃபர் வந்தது. 90 நாளுக்கு முகம் சுளிக்கவில்லை. நோட்டீஸில் இருந்தபோது அந்த ஹெட் அவ்வப்போது போன் செய்து புது லைன் எப்படிப் போகிறது என்று சொல்லுவார். ஓசூரில் சம்பளம் ஏற்றித் தருகிறோம் என்று நிறுத்தப் பார்த்தபோது, மனசு மாறாமல் இருந்ததற்கு அந்த போன்கள்தான் காரணம்.

ஒரகடத்துக்கு வரவில்லை என்று முறைப்படி மெயில் போட்டுவிட்டேன். அதற்கும் பதில் இல்லை. நான் புது இடத்தில் சேர்ந்த பிறகு அந்த பிளான்ட் ஹெட்டே கூப்பிட்டார். "என்ன தம்பி, சம்பளம் பத்தலைன்னு சொன்னீங்களாமே?" நடந்ததை எல்லாம் சொன்னேன். நான் மெயில் போட்டதே அவருக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் அவருக்கு ஃபார்வர்ட் செய்தேன். அந்த இடம் இன்னும் காலிதான் என்றார். ஓசூரில் என்னோடு இருந்த கெட்டிக்காரப் பையன் ஒருவனைப் பற்றிச் சொல்லி, அவன் நம்பரைக் கொடுத்தேன். ஆஃபர் கையில் வருகிறவரை ரிசைன் பண்ணாதே என்று அன்றைக்கே அவனுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.