கடலாசில் ஏறாத மடை

குழித்துறையில் பிறந்து வளர்ந்த எனக்குக் கடல் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருந்தும், முப்பது வயது வரை அது ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேங்காய்ப்பட்டணம் போய் நின்றுவிட்டு வருகிற இடமாக மட்டுமே இருந்தது. என் வேலை காற்றைப் பற்றியது. ஆனால் அது தரைக்காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தலிலும் காற்றாலை நிறுவுகிறவர்களுக்குப் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, ஊராட்சியின் இசைவு, மின்வாரியத்தின் இணைப்பு அனுமதி, விமானப் போக்குவரத்துத் துறையின் உயரச் சான்று ஆகியவற்றை ஒவ்வொன்றாக வாங்கிக் கோப்பில் அடுக்கிக் கொடுப்பதே பத்தாண்டுகளுக்கும் மேலாக என் பிழைப்பு. சர்வே எண் இருந்தால் உரிமையாளர் இருப்பார், உரிமையாளர் இருந்தால் பேசலாம் என்ற ஒரே நம்பிக்கையில் ஓடிய தொழில் அது. 2024 தொடக்கத்தில் கடலில் காற்றாலை அமைப்பதற்கான ஒரு கோப்பைத் தயாரிக்கும் குழுவில் என்னைச் சேர்த்தபோது, சர்வே எண்ணே இல்லாத ஓர் இடத்துக்கு அனுமதி வாங்கப் போகிறேன் என்பதன் பொருள் எனக்கு முழுதாக விளங்கவில்லை.

சட்டத்தைப் படித்தவரையில் எல்லாம் ஒழுங்காகவே தெரிந்தது. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை நாட்டின் ஆட்சிக் கடல், 200 கடல் மைல் வரை தனிப் பொருளாதார மண்டலம் என்று 1976ஆம் ஆண்டுக் கடல் மண்டலச் சட்டம் வகுத்துவைத்திருக்கிறது. அந்த மண்டலத்தில் காற்றாலை அமைப்பதற்கான தேசியக் கொள்கை 2015 அக்டோபரில் வந்தது. புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்தின் கீழ், சென்னையில் உள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனம் அதற்கு முகமை ஆனது. கடற்படுகையைக் குத்தகைக்கு விடும் விதிகள் 2023 டிசம்பரில்தான் வெளியாயின. அளவீட்டுக்கும் ஆய்வுக்கும் 3 ஆண்டு, தேவையானால் மேலும் 2 ஆண்டு. கட்டி ஓட்டுவதற்கு 35 ஆண்டு. ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஆண்டுக்கு 1 லட்ச ரூபாய் என்பது அவற்றின் சாரம். ஒரு மனை 200 சதுர கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 2 கோடி ரூபாய் குத்தகை. பல ஆயிரம் கோடிகளில் ஓடும் திட்டத்தில் அது தேநீர்ச் செலவு என்று எங்கள் குழுவில் ஒருவர் சொன்னார். தமிழ்நாட்டின் தென்கடலில் 4 கிகாவாட்டுக்கான கடற்படுகைக் குத்தகை டெண்டர் 2024 பிப்ரவரியில் வெளியானது. நான் வேலை பார்த்த ஆலோசனை நிறுவனம், அதில் கலந்துகொள்ள எண்ணிய ஒரு முதலீட்டாளருக்காகக் கோப்பு தயாரித்தது.

கோப்பின் பெரும்பகுதி தடையின்மைச் சான்றுகளைப் பற்றியது. நீர்மூழ்கிகள் பழகும் பகுதியா என்று பாதுகாப்பு அமைச்சகம் பார்க்க வேண்டும். ஆட்கள் வெளிநாட்டவர் என்றால் உள்துறையும் வெளியுறவுத் துறையும் பார்க்க வேண்டும். கப்பல் தடங்களில் குறுக்கிடாதா என்று கப்பல் துறையும், ஏவுகலப் பாதையில் வராதா என்று விண்வெளித் துறையும், பவளத்துக்கும் கடற்பசுவுக்கும் தீங்கு நேராதா என்று சுற்றுச்சூழல் அமைச்சகமும் சொல்ல வேண்டும். மின்சாரத்தைக் கரைக்குக் கொண்டுவரும் கேபிள் மணலில் ஏறும் இடத்துக்குக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அனுமதி தனி. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி 1986இல் கடல் தேசியப் பூங்காவும், 1989இல் உயிர்க்கோளக் காப்பகமும் அறிவிக்கப்பட்டிருப்பதால் வடக்கு எல்லையில் எங்கள் வரைபடம் சிவப்புக் கோடுகளால் நிறைந்திருந்தது. தெற்கே கன்னியாகுமரிக்கு வெளியே வந்ததும் சிவப்பு நின்று, வெறும் நீலம் தொடங்கியது. அந்த நீலத்தைப் பார்த்து எல்லோருக்கும் மகிழ்ச்சி, எனக்கும்தான். தரையில் புறம்போக்கு கிடைத்தால் வரும் மகிழ்ச்சி அது.

மீன்வளம் என்ற ஒரு பத்தி மட்டும் என் பொறுப்பில் விடப்பட்டது. நான் இந்த மாவட்டத்துக்காரன் என்பதே அதற்குக் காரணம். குழித்துறைக்காரனுக்கும் கடலோரத் தூத்தூர்க்காரனுக்கும் இடையே எவ்வளவு தொலைவு என்பது சென்னையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அந்தக் கோப்புக்கு மக்களைக் கேட்டாக வேண்டும் என்ற கட்டாயம் அந்தக் கட்டத்தில் இல்லை. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான 2006ஆம் ஆண்டு அறிவிக்கை வகுத்த பொது விசாரணை முறையை, அதாவது 30 நாள் முன்னறிவிப்பு, மாவட்டந்தோறும் கூட்டம், பேசியதை எழுதிக் கையெழுத்து வாங்குதல் என்பதை, முன்கூட்டியே சிறிய அளவில் செய்துபார்த்துவிடலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். மார்ச் மாதத்தில் ஓர் ஊரின் பங்குத்தந்தையைப் பார்த்துப் பேசி, கோவில் பக்கத்து அரங்கில் கூட்டம் ஏற்பாடு செய்தேன். தேநீரும் பழம்பொரியும் நூறு பேருக்குச் சொல்லியிருந்தேன். வந்தவர்கள் முப்பது பேருக்குள். பெரும்பாலும் பெண்களும் முதியவர்களும். எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. 'எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை' என்று எழுதிக்கொண்டு கிளம்பும்போதுதான், ஊரெல்லாம் பாட்டா என்று கூப்பிடுகிற பெரியவர் என்னைத் திண்ணையில் உட்காரவைத்தார்.

"நீங்க வந்த மாசம் சரியில்ல மக்களே. ஊர்ல இருக்கது நாங்க கெழடும் பொம்பளையளும்தான். கடல்ல இருக்கவன்ட்ட கேக்கணும்னா கச்சான் மாசத்துல வாங்க."

அவர் சொன்ன பிறகு கணக்குப் போட்டால், அது சின்னக் குழந்தைக்கும் தெரிகிற கணக்கு. தூத்தூர் பக்கத்துத் தூண்டில் விசைப்படகுகள் கொச்சியிலிருந்து கிளம்பினால் ஒரு மாதம், நாற்பது நாள் ஆழ்கடலில் இருக்கும். அவர்கள் மொத்தமாக வீட்டில் இருப்பது மேற்குக் கடற்கரையின் மீன்பிடித் தடைக்காலமான ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலான 61 நாட்கள். இந்த ஒரே மாவட்டத்தில் குமரிமுனைக்குக் கிழக்கே உள்ள சின்னமுட்டத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை; மேற்கே உள்ள குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் ஜூன், ஜூலை. எல்லை தாண்டிக் கேரளத்தில் இழுவலைப் படகுகளுக்கு அதே பருவத்தில் 52 நாட்கள்தான். ஆகவே ஒரு கூட்டம் போட்டு மூவரையும் ஒரே நாளில் பிடிக்க வேண்டுமென்றால், ஜூன் 10இலிருந்து 14 வரையிலான அந்தச் சில நாட்களைத் தவிர வேறு வழியே இல்லை. எந்த அறிவிக்கையும் இதைச் சொல்லாது. முப்பது நாள் முன்னறிவிப்பு என்பது கரையில் இருக்கிறவனுக்கான முப்பது நாள்.

இன்னொன்றும் அப்போது உறைத்தது. தென்மேற்குப் பருவக் காற்றான கச்சான் வீசும் அந்த மாதங்கள்தாம் காற்றாலைக்காரருக்கு அறுவடைக் காலம். மீனவருக்கு அதுவே பஞ்ச காலம்.

ஜூலையில் மறுபடி போனேன். அரங்கு நிறைந்திருந்தது, கேள்விகளுக்கு நான் தயாராக இல்லை. ஒவ்வொரு தூணையும் சுற்றி 500 மீட்டர் பாதுகாப்பு வளையம் இருக்கும் என்று நான் சொன்னதும், தூணுக்கும் தூணுக்கும் இடையே எவ்வளவு என்று கேட்டார்கள். ஒரு கிலோமீட்டருக்கு மேல் என்றேன். வாடையிலும் கச்சானிலும் ஓட்டம் மாறும்போது பல கிலோமீட்டர் நீளத் தூண்டில் கயிறு நேர்க்கோட்டில் கிடக்காது, வளைந்து நகரும். அதை எந்தச் சந்துக்குள் விடுவது என்று ஓர் இளைஞர் கரும்பலகையில் வரைந்தே காட்டினார். கேபிளை ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் ஆழத்தில் புதைப்பார்கள் என்றேன். பாறையில் எப்படிப் புதைப்பார்கள் என்றார்கள். குத்தகைப் பணம் யாருக்கு என்று ஒருவர் கேட்டார்; மைய அரசுக்கு என்றேன். 12 கடல் மைலுக்குள் மீன்பிடிப்பு மாநிலத்தின் அதிகாரம், அதற்கப்பால் மையத்தின் அதிகாரம், கடற்படுகையோ முழுவதும் மையத்துக்கு என்று நான் விளக்க முற்பட்டபோது, "அப்ப மீனு மட்டும் எங்களுக்கு, தரை உங்களுக்கு" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அரங்கு சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும் நடுவயதுக்காரர் ஒருவர் எழுந்தார். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி அடித்தபோது அந்த வீட்டில் ஓர் ஆள் திரும்பவில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். "புயல்ல எஞ்சின் நின்னுபோச்சுன்னா, அந்தத் தூணுல கயிறு போட்டுக் கட்டிக்கிட்டா கேசு போடுவானா?" என்பது மட்டுமே அவர் கேட்டது. நான் படித்த கொள்கையிலும் விதிகளிலும் டெண்டர் ஆவணத்திலும் அதற்கு விடை இல்லை. கேட்டு எழுதுகிறேன் என்றேன். எழுதினேன். மின்னஞ்சலுக்குப் பதில் வரவில்லை.

ஆனால் அந்த நாளின் உண்மையான சிக்கல் கூட்டத்துக்குப் பிறகுதான் தொடங்கியது. நீல வரைபடத்தை விரித்துவைத்து, எங்கெங்கே மீன்பிடிக்கிறீர்கள் என்று காட்டுங்கள், அந்த இடங்களை விலக்கி மனை பிரிக்கச் சொல்வோம் என்று கேட்டேன். என் நோக்கம் நல்லது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. யாரும் கை வைக்கவில்லை.

கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வெட்ஜ் பேங்க் என்ற மீன்வளம் மிக்க கடலடி மேடு, இலங்கையுடன் செய்துகொண்ட 1976 மார்ச் ஒப்பந்தத்தால் இந்தியாவுக்கு உறுதியானது என்பதைப் போட்டித் தேர்வுக்குப் படித்தவர்கள் எல்லோரும் அறிவார்கள். அது ஒரே பரப்பு அன்று. அதற்குள் நூற்றுக்கணக்கான மடைகள், அதாவது மீன் கூடும் பாறைத் திட்டுகள். அந்தக் காலத்தில் கரையிலுள்ள மலையையும் கோவில் கோபுரத்தையும் ஒன்றோடொன்று நேர்ப்படுத்திக் கணியம் பார்த்து மடையைக் கண்டுபிடித்தார்கள். இப்போது ஜிபிஎஸ் எண்களில் வைத்திருக்கிறார்கள். கருவி மாறினாலும் முறை மாறவில்லை: அப்பன் கண்ட மடை மகனுக்கு மட்டும். பக்கத்துப் படகு நெருங்கினால் தூண்டிலை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போவது போல நடிப்பார்கள். பத்திரம் இல்லாத சொத்துக்கு அந்த மறைப்பே பத்திரம். நானோ அதை மூன்று பிரதி எடுத்து அமைச்சகத்துக்கு அனுப்பப் போகிறவன்.

பாட்டா என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "எனக்க மடைய நீ கடலாசுல எழுதிட்டா, பின்ன அது எனக்க மடையா, மக்களே?"

எங்கள் பக்கத்தில் காகிதத்தை மலையாள வாடையோடு கடலாசு என்போம். அந்தச் சொல்லுக்குள் ஒரு கடல் கிடப்பதை அன்றுதான் கவனித்தேன். அனுமதி முறை முழுவதும் எழுதப்பட்டதை மட்டுமே காக்கும். வரைபடத்தில் சிவப்பாக இல்லாதது வெறுமை என்றே கணக்கு. இவர்களுடைய சொத்தோ எழுதப்படாததால் மட்டுமே சொத்தாக நிற்கிறது. சொன்னால் மடை போகும். சொல்லாவிட்டால் மடை இருக்கும் இடத்தில் தூண் வரும். இந்த முடிச்சை அவிழ்க்க எந்தப் படிவமும் என்னிடம் இல்லை.

நீரோடியைத் தாண்டிக் கேரளத்துப் பொழியூர் போனபோது முடிச்சு இன்னும் இறுகியது. களியக்காவிளையில் சோதனைச்சாவடி உண்டு. கடலில் அப்படி ஒன்றும் இல்லை. பொழியூர், பூவார், விழிஞ்ஞம் வள்ளங்கள் அதே மடைகளுக்குத்தான் வருகின்றன. பேச்சும் பாதி நம் பேச்சு. ஆனால் டெண்டர் தமிழ்நாட்டுக் கடலுக்கு. விசாரணை நடந்தால் அது தமிழ்நாட்டு மாவட்டத்தில் நடக்கும். கேரளப் பதிவெண் கொண்ட வள்ளக்காரன் அங்கே வந்து எந்த வரியில் பெயர் எழுதுவான்? விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு எதிராகப் போராடிக் களைத்திருந்த அந்த ஊர்க்காரர்கள் என்னோடு அதிகம் பேசவில்லை. அவர்களைப் பற்றி நான் ஒரு பக்கம் எழுதினேன். எல்லைக்கு வெளியே என்று குறித்து, அதைப் பிற்சேர்க்கைக்குத் தள்ளினார்கள்.

கடைசியில் ஒரு சமரசம் செய்தோம். புள்ளிகள் வேண்டாம், கடலை 10 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் எந்தப் பருவத்தில் எத்தகைய படகுகள் போகும் என்று மட்டும் அடர்த்தியாகவோ வெளிறியோ நிழலிடுவது. கட்டத்துக்குள் மடை எங்கே என்று யாருக்கும் தெரியாது. இதற்குப் பாட்டாவும் இன்னும் நால்வரும் சம்மதித்து, டிரேசிங் காகிதத்தில் பென்சிலால் நிழலிட்டுக் கொடுத்தார்கள். நிறுவனத்தில் அதை யாரும் விரும்பவில்லை. நிழலிட்ட கட்டங்களை எல்லாம் விலக்கினால் மனைக்கு இடமே மிஞ்சாது, ஆயத்தொலைவு இல்லாத தகவல் தகவலே அன்று என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கட்டிடம் கட்டுகிறவனுக்குத் தூண் நிற்கும் புள்ளி வேண்டும், நிழல் போதாது. ஆனால் முதலில் ஆள் இருக்கிறான் என்று ஒப்புக்கொள்வதற்கு நிழல் போதும் என்றே நான் இன்றும் நினைக்கிறேன். டென்மார்க்கில் 1991இல் 11 காற்றாலைகளோடு நிறுவிய முதல் கடற்காற்றாலைப் பண்ணையை 2017இல் தடமின்றிக் கழற்றி எடுத்துவிட்டார்கள் என்பதைப் பெருமையாக எங்கள் அறிக்கையில் எழுதியிருந்தோம். 35 ஆண்டு கழித்துத் தூணைக் கழற்றலாம். அதற்குள் மடையின் வழி மறந்துபோன மகனை என்ன செய்வது என்று ஒரு வரி சேர்த்தேன். மேலதிகாரி அதை அடித்துவிட்டார். அறிக்கை நடை அதுவன்று என்பதும் சரிதான்.

2024 ஜூனில் மைய அமைச்சரவை கடற்காற்றாலைகளுக்கு 7,453 கோடி ரூபாயில், திட்டச் செலவின் பற்றாக்குறையை அரசே ஈடுகட்டும் இடைவெளி நிரப்பு நிதித் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்து, குஜராத்திலும் தமிழ்நாட்டிலும் தலா 500 மெகாவாட் என்று அறிவித்த பிறகு, நிதியுதவி இல்லாத எங்கள் டெண்டரின் மேல் முதலீட்டாளருக்கு ஆர்வம் குறைந்தது. பின்னர் அந்த டெண்டரே ரத்தானது. கோப்பைப் பெட்டியில் கட்டி அடுக்கினார்கள். டிரேசிங் காகிதத்தை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டு, அடுத்த தடைக்காலத்தில் ஊருக்குப் போய்ப் பாட்டாவிடம் திருப்பிக் கொடுத்தேன்.

அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "அண்ணைக்கு நான் நெழலு போட்டது எனக்க மடை கெடக்க கட்டம் இல்ல மக்களே" என்றார். மற்ற நால்வரும் அப்படியா என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே உள்ளே திரும்பி, எனக்குக் கட்டன் சாயா போடச் சொன்னார்.