பாதித் துப்பாக்கி, பாதி வெடிமருந்து: பராகுவே நாட்குறிப்பு

மே 14

பராகுவேயில் இன்றும் நாளையும் சுதந்திர தினம். 1811 மே 14 இரவு தொடங்கிய வேலை மறுநாள் காலைதான் முடிந்தது. கேப்டன் பெட்ரோ ஹுவான் கபாயேரோ தலைநகர் அசுன்சியோனின் படைமுகாமைக் கைப்பற்றி, பீரங்கிகளை ஆளுநர் மாளிகைப் பக்கம் திருப்பினார். விடிந்ததும் ஸ்பானிய ஆளுநர் வெலாஸ்கோ பணிந்தார்.

ஸ்பெயினை மட்டும் உதறினார்கள் என்பது பாதிக் கதை. அதே ஆண்டு ஜனவரி 19-ல் பராகுவாரியிலும் மார்ச் 9-ல் தக்குவாரியிலும் தன் ஆட்சிக்குள் இவர்களை இழுக்கப் புவனோஸ் ஐரிஸ் (இன்றைய அர்ஜென்டினாவின் தலைநகர்) அனுப்பிய தளபதி பெல்கிரானோவின் படையையும் தோற்கடித்திருந்தார்கள்.

மே 16

முகாமைப் பிடித்தவர்கள் படைவீரர்கள். கடிதம் எழுத, சட்டம் பேச ஆள் வேண்டியிருந்தது. அதற்கு வந்தவர்தான் வழக்கறிஞர் ஹோசே காஸ்பார் ரோட்ரிகெஸ் டி பிரான்சியா. புதிய நாட்டை நடத்திய ஆட்சிக்குழுவிலிருந்து கோபித்துக்கொண்டு விலகுவார். இவர் இல்லாமல் ஓடாது என்று மறுபடி அழைப்பார்கள். 1812 நவம்பரில் திரும்பியபோது அவர் போட்ட நிபந்தனையைப் பலர் கவனிப்பதில்லை: ஒரு படைப்பிரிவும், இருக்கிற வெடிமருந்தில் பாதியும் தன் பொறுப்பில் வேண்டும். சர்வாதிகாரம் இங்கேயே தொடங்கிவிட்டது என்பது என் கருத்து.

மே 17

1813 அக்டோபர் 12: குடியரசு அறிவிப்பு. பிரான்சியா, ஃபுல்ஹென்சியோ யெக்ரோஸ் என இரண்டு கான்சல்கள், அதாவது சமமான இரு ஆட்சித் தலைவர்கள். படையும் ஆயுதமும் சரிபாதி. இருவருக்கும் இரண்டு நாற்காலி. பிரான்சியாவுடையதில் ‘சீசர்’, யெக்ரோஸுடையதில் ‘பாம்பி’ என்று பொறிப்பு; பழைய ரோமில் அதிகாரத்துக்கு மோதிக்கொண்ட இரு தளபதிகள். பார்வைக்குச் சமம். ஆனால் தலைமை மாறி மாறி, முறைக்கு நான்கு மாதம். முதல் முறை பிரான்சியாவுக்கு. ஆண்டில் மூன்று முறை வருவதால் கடைசியும் அவருக்கே: பன்னிரண்டில் எட்டு மாதம். நாட்டின் பிரதிநிதிகள் கூடும் அடுத்த மாநாட்டின்போது தலைமை அவர் கையில்.

மே 19

1814 அக்டோபர் மாநாடு அவருக்கு ஐந்தாண்டு சர்வாதிகாரம் தந்தது. 1816-ல் வாழ்நாள் முழுக்க. இனி மாநாடு எப்போது கூட வேண்டும் என்பதையும் அவரே முடிவு செய்யலாம் என்று விட்டார்கள். 1840 செப்டம்பர் 20-ல் அவர் இறக்கும்வரை ஒருமுறைகூடக் கூட்டவில்லை.

1820-ல் அவருக்கு எதிரான சதி ஒன்று அம்பலமானது. 1821 ஜூலையில் கபாயேரோ சிறையில் உயிரை மாய்த்துக்கொண்டார். அதே மாதம் 17-ல் யெக்ரோஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். முகாமைப் பிடித்தவரும், பிரான்சியாவோடு சேர்ந்து ஆட்சி செய்தவரும் ஒரே மாதத்தில் போனார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

மே 20

பிரான்சியா வெளியுலகுக்கு ‘நாட்டை முழுக்க மூடினார்’ என்று சொல்வது சரியில்லை. தெற்கிலுள்ள இதாபுவாவில் பிரேசிலுடன் வணிகம் அனுமதிச் சீட்டோடு நடந்தது. தேநீர் போலக் குடிக்கும் மாத்தே இலையும் புகையிலையும் போயின. பதிலுக்கு வந்த சரக்கில் ஆயுதங்களுக்கே முன்னுரிமை. அரசுப் பண்ணை மாடுகளின் இறைச்சியும் தோலும் படைவீரர்களுக்குப் போயின.