காலுக்குள் ராடு வைத்த பிறகு உடம்பு என்ன செய்கிறது

திருத்தணி, நகரி, புத்தூர் பக்கம் பைக்கில் விழுந்து கால் உடைந்தவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு பயிற்சி கொடுப்பது எங்கள் வேலை. "ராடு வெச்சாச்சே, அப்புறம் ஏன் சார் வீங்குது?" என்று கேட்காத வீடே இல்லை. ராடு என்பது எலும்புக்குள் இறக்கும் உலோகத் தண்டு. அது எலும்பை நேராகப் பிடித்துக்கொள்ளும். ஒட்டவைப்பது முழுக்க உடம்பின் வேலை, அதற்கு மாதங்கள் பிடிக்கும்.

எலும்பின் மஜ்ஜைக் குழியில் வழிகாட்ட மெல்லிய கம்பி ஒன்றை விட்டு, அதன்மேல் ரீமர் என்ற குடையும் கருவியை ஓட்டி, ராடின் விட்டத்தைவிட 1 முதல் 1.5 மி.மீ. கூடுதலாகக் குடைவார்கள். ராடு இறங்கியதும் மேலேயும் கீழேயும் குறுக்கே ஸ்க்ரூ போட்டுப் பூட்டுவார்கள். குடையும்போது எலும்பின் உள்பக்க ரத்த ஓட்டம் அறுபடுகிறது. வெளியே மூடியிருக்கும் சவ்வின் ரத்த ஓட்டம் கூடி அதை ஈடுகட்ட, உள் ஓட்டம் சில வாரங்களில் மறுபடி வளர்கிறது. குடைந்த எலும்புத் தூள் உடைந்த இடத்தில் தங்கிப் புது எலும்புக்கு உரமாகிறது.

குடையும் அழுத்தத்தில் மஜ்ஜைக் கொழுப்பு கொஞ்சம் ரத்தத்தில் கலக்கும். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. சிலருக்கு, முக்கியமாகத் தொடை எலும்பு உடைந்தவர்களுக்கு, அடிபட்ட 24 முதல் 72 மணி நேரத்துக்குள் மூச்சு வாங்கும், பேச்சு குழறும், அக்குளிலும் மார்பிலும் சிவப்புப் புள்ளிகள் தெரியும். மயக்க மருந்தின் மிச்சம் என்று காத்திருக்காமல் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

முழங்காலுக்குக் கீழே உடைந்தவர்களுக்கு முதல் இரண்டு நாள் இன்னொரு ஆபத்து உண்டு. கெண்டைக்கால் இறுகிப்போகும், கால் விரல்களை நாம் மெல்ல மடக்கினாலே துடிப்பார்கள், வலி ஊசி போட்டும் அடங்காது. சதையைப் பொதிந்திருக்கும் உறைக்குள் அழுத்தம் ஏறி ரத்தம் நின்றுபோவதன் அடையாளம் இது. பாதத்தில் நாடி துடிக்கிறதே என்று ஏமாறக் கூடாது. நாடி கடைசியில்தான் நிற்கும், அதற்குள் சதை செத்துவிடும். சில மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டிய விஷயம்.

இரண்டு மூன்று நாள் லேசான காய்ச்சல் சகஜம். உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனையில் அளவு அப்போதுதான் உச்சத்தில் இருக்கும், பிறகு இறங்கும். இறங்கியது மறுபடி ஏறினாலோ, தையலில் நீர் கசிந்தாலோ கிருமி புகுந்திருக்கலாம்.

மாலையில் பாதம் வீங்குவது மாதக்கணக்கில் இருக்கும். நெஞ்சு மட்டத்துக்கு மேலே உயர்த்தி வைத்தால் இறங்கும். இரவு முழுக்க உயர்த்தியும் இறங்காமல் கெண்டைக்கால் வலித்தால் ரத்தக் குழாயில் ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுங்கள், ரத்தம் உறைந்திருக்கலாம்.

எங்கள் ஊர்ப் பக்கம் இதையும் சொல்லியே ஆக வேண்டும். புத்தூர் கட்டின் பெயர் இங்கே ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. ராடு வைத்த காலுக்கும் மேலே ஒரு கட்டு போட்டால் சீக்கிரம் கூடும் என்று பெரியவர்கள் பாசத்தோடுதான் அழைத்துப்போகிறார்கள். ஆனால் ராடு வைத்த எலும்பு, உடைந்த இடத்தில் இருக்கும் மிகச் சிறிய அசைவாலும் படிப்படியாக ஏறும் உடல் எடையாலும்தான் புது எலும்பு போடுகிறது. கட்டு கணுக்காலையும் முழங்காலையும் பூட்டிவிடும், வீங்கிய காலை நெரிக்கும். எண்ணெய் போட்டு உருவினால் உறைந்த ரத்தம் பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். தயவுசெய்து வேண்டாம்.

அதற்குப் பதில் செய்ய வேண்டியது: விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பாதத்தை 20 தடவை மேலும் கீழும் ஆட்டுவது, முழங்காலின் கீழ் துண்டைச் சுருட்டி வைத்துத் தொடையை இறுக்கி அழுத்துவது. எவ்வளவு எடை ஊன்றலாம் என்பதை எலும்பு உடைந்த விதத்தைப் பார்த்து டாக்டர் சொல்வார். 20 கிலோ என்றால் அது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. வாக்கரைப் பிடித்து நின்று, எடை மெஷினில் அந்தக் காலை மட்டும் வைத்து முள் 20 வரும்வரை அழுத்துங்கள். நாலைந்து தடவையில் கால் அந்த அழுத்தத்தைப் பழகிக்கொள்ளும்.

சுமார் ஆறு வாரத்தில் எக்ஸ்ரேயில் உடைப்பைச் சுற்றி மங்கலாகப் புது எலும்பு தெரியத் தொடங்கும். முன்னாலும் பக்கவாட்டிலும் எடுத்த எக்ஸ்ரேயில் தெரியும் எலும்பின் நான்கு கரைகளில் மூன்றில் புது எலும்பு பாலமாக விழுந்தால் கூடியதாகக் கொள்வார்கள். பீடி, கட்டுப்படாத சர்க்கரை இரண்டும் இதைத் தள்ளிப்போடும். கூடுவது நின்றுபோனால் நடக்கும் பாரமெல்லாம் உலோகத்தின் மேல் விழும். ஸ்க்ரூ முதலில் உடையும், பிறகு ராடே உடையலாம். சிலருக்கு ஒரு பக்க ஸ்க்ரூவைக் கழற்றி எலும்புக்குப் பாரம் போக விடுவார்கள்.

கீழ்க்கால் ராடுக்கு, எலும்பு நன்றாகக் கூடிய பிறகும் மண்டியிட்டால் முழங்காலின் முன்பக்கம் வலிப்பது நிறையப் பேருக்கு உண்டு. தரையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் முதலிலேயே உயரமான இருக்கைக்கு ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. தொந்தரவு இல்லையென்றால் ராடை எடுக்க வேண்டியதில்லை. எடுத்தால், ஸ்க்ரூ இருந்த ஓட்டைகள் அடையும்வரை சில வாரம் மூட்டை தூக்காதீர்கள், ஓடாதீர்கள்.